அனுப்பும் முன்பே வந்து சேர்ந்த தகவல்

சென்ற மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து திவ்யா என்ற பெண் போனில் பேசினாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் வேலைக்கு வந்தவள். நேரில் பார்த்ததில்லை.

"மேடம், சர்வர் கடிகாரங்கள்ல துளி வித்தியாசம் வந்தாக்கூட எல்லாருக்கும் எச்சரிக்கை போற மாதிரி வெச்சிருக்கீங்க. இத்தனை கெடுபிடி எதுக்குங்க? கொஞ்சம் தளர்த்திக்கலாங்களா?"

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற காரணம் இல்லை. எழுதித் தருவதாகச் சொன்னேன். "அப்ப புதுசா வந்தவங்க எல்லாருமே படிச்சுக்கறோமுங்க" என்றாள். இது அவர்களுக்காக எழுதுவது.

நான் கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்த்தேன். அதற்கு முன்பு சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் சம்பளப் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தேன். ஆலை மூடப்போகிறது என்ற பேச்சு வந்ததும் காந்திபுரத்தில் மாலை வகுப்பில் சேர்ந்து சர்வர் பராமரிப்பு படித்தேன். ஆலை மூடியது, இங்கே வேலை கிடைத்தது. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படித்ததில் பாதி இரண்டு வருடத்தில் பழசாகிவிட்டது.

எங்கள் பிரிவின் தலைவர் நாச்சிமுத்து சார். அதிர்ந்து பேசமாட்டார். யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் வேலை செய்வது சுலபமும் இல்லை. "சர்வர் கெட்டுப்போச்சுங்க சார்" என்று போய் நின்றால், "நீங்க பாத்தது என்னங்க மேடம்? நெனச்சதை அப்பறம் சொல்லலாம்" என்பார். திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால், இன்னொரு கேள்வி வைத்திருப்பார். பாராட்டும் வழக்கம் கிடையாது. சரியாகச் செய்தால் அடுத்த வேலையைக் கொடுப்பார்.

குழுமத்துக்குக் கோவை, பொள்ளாச்சி, ஈரோடு என்று மூன்று ஊர்களில் ரத்த வங்கி இருந்தது. எந்த ரத்தப் பை எங்கே இருக்கிறது, யாருக்காக ஒதுக்கியிருக்கிறது, ஏற்றலாமா கூடாதா என்ற தகவலை மூன்று ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அதனால் ஊருக்கு ஒரு சர்வர் வைத்து, ஒவ்வொன்றின் நினைவகத்திலும் முழுத் தகவலையும் ஏற்றி வைத்திருந்தோம். ஓர் ஊரில் மாற்றினால் அந்த மாற்றம் மற்ற இரண்டுக்கும் போய்ச் சேரும். ஒரே பையைப் பற்றி இரண்டு ஊர்களில் வெவ்வேறு விதமாக எழுதிவிட்டால் எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி வரும். அதற்கு ஒரு விதி. ஒவ்வொரு மாற்றத்தின் மேலும் அது எழுதப்பட்ட நேரம் இருக்கும். எது பிந்திய நேரமோ அது நிற்கும், முந்தையது போய்விடும்.

இந்த விதி மூன்று கடிகாரங்களையும் நம்பி இருக்கிறது. கணினிக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு சிறு படிகத்தின் துடிப்பில் ஓடுவது. சூட்டுக்கு ஒரு நடை, குளிருக்கு ஒரு நடை. தன் போக்கில் விட்டால் ஒரே கம்பெனியில் செய்த இரண்டு சர்வர்கள்கூட ஒரே நேரத்தைக் காட்டாது. அதனால் கோவைக் கட்டடத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், செயற்கைக்கோளிடமிருந்து நேரம் வாங்கும் ஓர் ஆன்டெனா வைத்திருந்தோம். கோவை சர்வர் அதைக் கேட்டுத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மற்ற இரண்டும் கோவையைக் கேட்டுக்கொள்ளும். கேட்ட பதில் வந்து சேரவும் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் பார்த்து அந்தத் தாமதத்தைக் கழித்துக்கொள்ளும். இதைச் செய்ய ஒரு சிறிய நிரல் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

இதில் நாச்சிமுத்து சாரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஓடுகிற சர்வரின் கடிகாரம் முந்திப் போயிருந்தால் அதைப் பின்னுக்குத் திருப்ப விடமாட்டார். "திருப்பாதீங்க மேடம். நடையைக் கொறைங்க. அதுவா வந்து சேந்துக்கும்" என்பார். பின்னுக்குத் திருப்பினால் நடந்து முடிந்த நிமிடங்கள் இன்னொரு முறை வரும். அந்த நிமிடங்களில் எழுதியவற்றில் எது முதல், எது இரண்டாவது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பிரிவில் சேர்கிற எல்லோருக்கும் முதல் வாரத்தில் அவர் சொல்வது இதுதான்.

இனி திவ்யாவின் கேள்விக்கு வருகிறேன்.

பொள்ளாச்சி ரத்த வங்கியில் மயில்சாமி என்பவர் வேலை பார்த்தார். பைகளை வாங்கி வைப்பதும், கேட்ட இடத்துக்குக் கொடுப்பதும், அதைக் கணினியில் ஏற்றுவதும் அவர் பொறுப்பு. கோவை ஆய்வகத்தில் கவிதா என்ற தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். ஒரு நாள் முற்பகல் கவிதாவுக்கு ஒருவர் போன் செய்தார். சில நாட்களுக்கு முன்பு பொள்ளாச்சி முகாமில் ரத்தம் கொடுத்தவர். "எனக்கு மஞ்சக்காமாலைன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க. நான் குடுத்த ரத்தத்தை யாருக்கும் ஏத்தீராதீங்க" என்றார். கவிதா அவருடைய பையைத் தேடி எடுத்து, 'ஏற்றக் கூடாது' என்று குறித்துச் சேமித்தார். சேமிக்கப்பட்டது என்று திரையில் வந்தது.

மதியம், அந்தப் பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்களா என்று கேட்கப் பொள்ளாச்சிக்குப் போன் செய்தார். எடுத்தவர் மயில்சாமி.

"அந்தப் பைங்களா? பிரசவ வார்டுல கேட்டாங்கன்னு இப்பத்தான் குடுத்தனுப்பினேனுங்க."

"ஏத்தக் கூடாதுன்னு போட்டிருந்தேனுங்களே."

"இல்லீங்களே. குடுக்கலாம்னுதான் இருந்துச்சு."

அவர் போனைக் கீழே வைக்காமல் அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடியது கேட்டது என்று கவிதா பிறகு சொன்னார். வார்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, அந்தப் பையைத் தாங்கியில் மாட்டிக் குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மயில்சாமி போய்ப் பையைக் கழற்றச் சொல்லிவிட்டு, வேறு பை எடுத்துவர மறுபடியும் ஓடினார். அந்தப் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் விசாரணை ஆரம்பித்தது. நிர்வாக அதிகாரி ராமச்சந்திரன் அந்தப் பையைப் பற்றிய கணினிப் பதிவை வரிசையாக எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தது நான்தான். கவிதா 'ஏற்றக் கூடாது' என்று குறித்தது ஒரு வரி. அதற்கு இரண்டு நிமிடம் கழித்து, மயில்சாமியின் பெயரில் 'கொடுக்கலாம்' என்று இன்னொரு வரி. படிக்கிற யாருக்கும் சந்தேகம் வராது. தடுத்து வைத்த பையை மயில்சாமி விடுவித்திருக்கிறார் என்றுதான் அது சொன்னது. ரத்தம் தேவைப்பட்ட பெண்ணின் கணவர் மயில்சாமியின் ஊர்க்காரர் என்பதும் தெரியவந்தது. ஊர்ப் பழக்கத்துக்காக விதியை மீறியிருக்கிறார் என்று ராமச்சந்திரன் முடிவுக்கு வந்தார். மயில்சாமியை இடைநீக்கம் செய்தார்கள். வேலைநீக்கத்துக்கும் காவல்துறைப் புகாருக்கும் ஏற்பாடு நடந்தது.

பதிவைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாச்சிமுத்து சார் கூப்பிட்டார்.

"இதுல நீங்க பாத்தது என்னங்க மேடம்?"

"கவிதா மொதல்ல எழுதியிருக்காங்க சார். அப்பறம் மயில்சாமி மாத்தியிருக்காரு."

"மொதல்ல, அப்பறம்ங்கறதை நீங்க பாத்தீங்களா?"

"நேரம் போட்டிருக்குங்க சார்."

"அது கோயமுத்தூர் மணி. இது பொள்ளாச்சி மணி. ரெண்டும் ஒண்ணுதானான்னு பாத்தீங்களா?"

உடனே பார்த்தேன். மூன்று சர்வர்களும் ஒரே நேரத்தைக் காட்டின. வந்து சொன்னேன்.

"இப்பச் சரியா இருக்குதுங்க. அன்னிக்கு?" என்றார்.

 சர்வர் உயிரோடு இருக்கிறதா, நினைவகம் நிரம்பிவிட்டதா என்பதைக் கண்காணித்தோமே தவிர, கடிகாரங்களுக்கு இடையிலான வித்தியாசத்தை அப்போது யாரும் சேமித்து வைக்கவில்லை. பொள்ளாச்சிக்குப் போன் செய்து கேட்டதில் ஒரு விஷயம் தெரிந்தது. சம்பவம் நடந்த அன்று மாலை, எதற்கும் இருக்கட்டும் என்று அங்கிருந்த பராமரிப்பு ஆள் சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கியிருக்கிறார். இயங்கத் தொடங்கும்போது அது கோவையிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதற்கு முன்பு அது என்ன நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது என்பது போய்விட்டது.

"போய் மயில்சாமியையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தர்லாங்க" என்றார் சார். இருவரும் உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினோம். மருத்துவமனைக்குள் வர மயில்சாமிக்கு அனுமதி இல்லாததால் எதிரே இருந்த பேக்கரியில் உட்கார்ந்து பேசினோம். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தோளில் அலுவலகப் பை மாட்டியிருந்தார்.

"அன்னிக்குக் காலையில பெரிய ஃபிரிட்ஜுல சூடு ஏறுதுன்னு அலாரம் அடிச்சுதுங்க. பையெல்லாம் எடுத்துப் பக்கத்து ஃபிரிட்ஜுக்கு மாத்துனேன். ஒவ்வொண்ணுக்கா எடத்தை மாத்திப் போட்டுச் சேவ் செஞ்சேன். அவ்வளவுதானுங்க நான் செஞ்சது."

"ஏத்தக் கூடாதுன்னு இருந்ததை மாத்தலைங்களா?"

"அப்படி இருந்திருந்தா நான் தொட்டே இருக்க மாட்டனுங்க."

நாச்சிமுத்து சார் அவர் ஊர்க்காரரைப் பற்றிக் கேட்டார். மயில்சாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவங்க எங்க ஊருதானுங்க. எங்கப்பன் அவங்க தோட்டத்துல வேலை செஞ்சவரு. அவங்க ஊட்டு வாசப்படியை நான் இதுநாள் வரைக்கும் தாண்டுனதில்லீங்க. ஊர்ப் பழக்கம்னு எழுதியிருக்காங்களாம். அது என்ன பழக்கம்னு எனக்குத் தெரியலீங்க."

 பிறகு அவராகவே சொன்னார்: "ஊட்டுல இன்னும் சொல்லலீங்க மேடம். காலையில சோத்தைக் கட்டிட்டுப் பொறப்பட்டு வந்தர்றேன். பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்துட்டுப் பொழுதோட போறேன்."

அவர் சொன்னதில் எங்களுக்கு ஒரு விஷயம் கிடைத்தது. எங்கள் மென்பொருளில் பையின் இடத்தை மட்டும் மாற்றிச் சேமித்தாலும் அந்தப் பையின் முழுத் தகவலும் சேர்ந்தே எழுதப்படும். அவர் திரையில் 'கொடுக்கலாம்' என்று இருந்திருந்தால், இடத்தோடு சேர்ந்து அதுவும் புதிதாக எழுதப்பட்டிருக்கும். எனவே கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவர் சேமித்தது கவிதா குறிப்பதற்கு முன்பா, பின்பா?

கோவைக்கு வந்து மூன்று நாள் தேடினேன். பதிவுகளில் இருந்த எல்லா நேரங்களும் அந்தந்த ஊர்க் கடிகாரம் சொன்னவை. அவற்றை வைத்து அந்தக் கடிகாரங்களையே சோதிக்க வழி தெரியவில்லை. எனக்குச் சலிப்பாக இருந்தது. இன்னொருவர் தலையெழுத்து தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது நினைவுக்கு வரும்போது பயமாகவும் இருந்தது.

வழி கடைசியில் கண்ணெதிரிலேயே இருந்தது. ஒரு சர்வர் மற்றொன்றுக்கு மாற்றத்தை அனுப்பும்போது அனுப்பிய நேரத்தைத் தன் கடிகாரப்படி எழுதும். வாங்கிக்கொள்ளும் சர்வர் வந்து சேர்ந்த நேரத்தைத் தன் கடிகாரப்படி குறித்துக்கொள்ளும். தகவல் தொலைந்தால் கண்டுபிடிப்பதற்காக வைத்த ஏற்பாடு அது, வேறு எதற்கும் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. பொள்ளாச்சியிலிருந்து அன்று வந்த தகவல்களைக் கோவையில் திறந்தேன். எல்லாத் தகவல்களும் அனுப்புவதற்கு நான்கு நிமிடம் முன்பே வந்து சேர்ந்திருந்தன.

அனுப்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் மாற்றிப் படித்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஈரோட்டிலிருந்து வந்தவற்றைத் திறந்து பார்த்தேன். அவை அனுப்பிய பிறகு ஒழுங்காக வந்திருந்தன. பொள்ளாச்சியின் பழைய நாட்களுக்குப் பின்னோக்கிப் போனேன். வாரத்துக்கு வாரம் வித்தியாசம் குறைந்துகொண்டே போனது. நிமிடங்களாக இருந்தது விநாடிகளாகி, சில மாதங்களுக்கு முந்தைய ஒரு நாளில் இல்லாமலே போனது. அந்த நாளில் பொள்ளாச்சியில் மின்சாரம் போய் வந்திருந்தது. மின்சாரம் வந்ததும் சர்வர் எழுந்துகொண்டது. ஆனால் கோவைக்கான இணைப்பு அப்போது இன்னும் வரவில்லை. நேரம் கேட்கும் நிரல் கேட்டுப் பார்த்து, பதில் வராமல், நின்றுவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து பொள்ளாச்சிக் கடிகாரம் தன் போக்கில் முந்திக்கொண்டே போயிருக்கிறது.

மயில்சாமியின் மாற்றம் கோவைக்கு வந்து சேர்ந்தது, கோவைக் கடிகாரப்படியே, கவிதா குறிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பு. இரண்டையும் பார்த்தது ஒரே கடிகாரம் என்பதால் இதில் வாதத்துக்கு இடமில்லை. அவர் சேமித்தபோது தடை எதுவும் இல்லை. பின்னால் கவிதா குறித்ததை, பழைய நேரம் உடையது என்று விதி தூக்கிப் போட்டுவிட்டது.

நாச்சிமுத்து சாரிடம் காட்டினேன். முழுவதையும் இரண்டு முறை படித்தார். "ராமச்சந்திரன் சார் இதைப் படிச்சா நம்ப மாட்டாருங்க. அவர் கையாலயே செய்யட்டும்" என்றார்.

விசாரணை அறையில் இரண்டு சோதனைக் கணினிகளை வைத்தோம். ஒன்றின் கடிகாரத்தை நான்கு நிமிடம் முந்தி ஓடவிட்டோம். மயில்சாமியும் கவிதாவும் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுங்கறீங்களா?" என்றார் ராமச்சந்திரன்.

"பொய் சொல்லலைங்க. அதுக்குத் தெரிஞ்ச மணியைச் சொல்லியிருக்குது" என்றார் நாச்சிமுத்து சார். பிறகு முந்தி ஓடும் கணினியில் ஒரு பையின் இடத்தை மாற்றி என்னைச் சேமிக்கச் சொன்னார். மற்றதை ராமச்சந்திரன் பக்கம் திருப்பி வைத்தார். "இப்ப நீங்க இந்தப் பையை ஏத்தக் கூடாதுன்னு போடுங்க சார்."

ராமச்சந்திரன் போட்டார். சேமிக்கப்பட்டது என்று வந்தது. "இனித் திறந்து பாருங்க" என்றார் சார். திறந்தார். 'கொடுக்கலாம்' என்று இருந்தது. மறுபடி போட்டார், மறுபடி திறந்தார். அதே 'கொடுக்கலாம்'. மூன்றாம் முறை விசையின் மேல் விரலை வைத்தவர் அழுத்தாமல் எடுத்துவிட்டார். கவிதா அழுதுகொண்டிருந்தார். மயில்சாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது யார் தப்பு?" என்று கேட்டார் ராமச்சந்திரன்.

"எங்க பிரிவோட பொறுப்புங்க. கடிகாரம் ஒத்துப்போகுதான்னு நாங்க பாத்திருக்கணும். எழுதிக் கொடுத்தர்றேனுங்க."

அப்படியே எழுதிக் கொடுத்தார். மறு வருடம் அவருக்குக் கிடைக்க வேண்டிய பணி நீட்டிப்பு கிடைக்கவில்லை. இதனால்தான் என்று யாரும் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. போவதற்கு முன்பு இரண்டு ஏற்பாடுகளைச் செய்துவிட்டுப் போனார். கடிகாரங்களுக்கு இடையில் கொஞ்சம் வித்தியாசம் வந்தாலும் எல்லோருக்கும் எச்சரிக்கை போகும். 'ஏற்றக் கூடாது' என்ற குறிப்பை, எவ்வளவு பிந்திய நேரம் போட்ட மாற்றமும் அழிக்காது. அதை நீக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். திவ்யா கேட்ட கெடுபிடி அவற்றில் முதலாவது.

மயில்சாமியின் இடைநீக்கத்தை ரத்து செய்து உத்தரவு வந்தது. அதை வாங்க வந்தவர் நேராக எங்கள் பிரிவுக்கு வந்தார்.

"மேடம், கம்ப்யூட்டருல அந்த வரி இன்னும் அப்படியேதானுங்களே இருக்குது? கவிதா மேடத்துக்கு அப்பறம் நான் மாத்துனாப்புல?"

இருக்கிறது என்றேன்.

"அதைச் சரி பண்ணீர்லாங்களா?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் மயில்சாமிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். "முடியாதுங்க. பதிவுல ஒரு வரியை மாத்தலாம்னு வந்துட்டா, நாளைக்கு யாரு வேணும்னாலும் எதை வேணும்னாலும் மாத்துவாங்க. உங்களைக் காப்பாத்துனதும் யாரும் கை வைக்காத பதிவுதானுங்க."

"அப்ப நாளைக்குப் பாக்கறவங்க என் பேரைத்தானுங்க பாப்பாங்க."

அது உண்மை.  கடைசியில், அந்த வரியைத் தொடாமல், அதன் கீழேயே பிரியாமல் நிற்கும்படி ஒரு குறிப்பைச் சேர்க்கலாம் என்று முடிவானது. என்ன எழுதுவது என்று மயில்சாமியிடமே கேட்டார். அவர் யோசித்துச் சொன்னார், நான் அடித்தேன். 'மேலே உள்ள மாற்றம் தடைக்கு முன்பு செய்யப்பட்டது. பொள்ளாச்சிக் கடிகாரம் முந்தி ஓடியது. மயில்சாமி தடையை நீக்கவில்லை.' தன் பெயர் அதில் வர வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அடுத்த திங்கள்கிழமை வேலைக்குப் போனார். இப்போது அங்கே மேற்பார்வையாளராக இருக்கிறார்.

நான் ஓய்வுபெறும் வருடம் எங்கள் சர்வர்களை எல்லாம் எடுத்துவிட்டு, தகவல்களை ஒரு பெரிய நிறுவனத்தின் வாடகைக் கணினிகளுக்கு மாற்றினார்கள். மாற்ற வந்த பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள். பதிவுகளை முழுவதும் எடுத்துக்கொண்டார்கள். குறிப்புகள் திரையில் அந்தந்த வரியின் கீழே தெரிந்தாலும், உள்ளே தனி இடத்தில் இருந்தன. மொத்தமே சில வரிகள், புது மென்பொருளில் அதற்கு இடமும் இல்லை, விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். கூடாது என்றேன். அதற்காக அவர்கள் மேலும் இரண்டு வாரம் வேலை செய்ய வேண்டியிருந்தது. முடிந்ததும் பழைய தேதியைப் போட்டுத் தேடி, என் கண்ணால் பார்த்துவிட்டு, பொள்ளாச்சிக்குப் போன் செய்தேன்.

"மயில்சாமிங்களா? தகவலெல்லாம் புது எடத்துக்கு வந்துருச்சுங்க. உங்க வரியும் வந்துருச்சு. குறிப்பும் வந்துருச்சு."

"ரெண்டும் சேத்தியே இருக்குதுங்களா மேடம்?"

"சேத்தியேதானுங்க இருக்குது."

"செரிங்க" என்றார்.